தொலைதூரக் குவாசர்களின் மூலக்கூறு வாயு: எதை அளக்க நேரம் கேட்பது?

விண்மீன்கள் பிறக்கத் தேவையான மூலப்பொருள் ஹைட்ரஜன் மூலக்கூறு. ஆனால் குளிர்ந்த மேகங்களில் அது ஒளி உமிழ்வதே இல்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த சமச்சீரான மூலக்கூறு என்பதால் அதற்கு நிலையான மின் இருமுனை கிடையாது. அதன் மிகத் தாழ்ந்த சுழற்சிக் கோடு, அதாவது மூலக்கூறின் சுழற்சி ஒரு நிலை இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீளத்தில் வெளிவரும் ஒளி, 28 மைக்ரானில் வருகிறது. அந்தக் கோட்டைத் தூண்ட ஏறத்தாழ 510 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும். விண்மீன் பிறக்கும் மேகங்களின் வெப்பநிலையோ பெரும்பாலும் 10 முதல் 50 கெல்வின். ஆகவே ஒரு குவாசரின் (வாயுவை விழுங்கும் பெரிய கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) தாய்க் கேலக்ஸியில் எவ்வளவு மூலக்கூறு வாயு இருக்கிறது என்று கேட்டால், ஹைட்ரஜனோடு கூடவே இருக்கும் வேறு ஏதாவது ஒன்றைத்தான் அளந்தாக வேண்டும். அளந்ததை ஒரு காரணியால் பெருக்கி ஹைட்ரஜனின் நிறையைச் சொல்கிறோம்.

அந்த "வேறு ஏதாவது" எது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, அயனியான கார்பனின் 158 மைக்ரான் கோடு, நடுநிலைக் கார்பன், தூசின் தொடர் ஒளி என்று நான்கு வழிகள் உண்டு. வாயு சுழலும் வேகத்தை வைத்து மொத்த நிறைக்கு ஒரு மேல்வரம்பு போடுவது ஐந்தாவது. செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, அது கூடக்கூடத் தொலைவும் கூடும்) 6 அளவில் ஒரு குவாசர் உங்கள் பட்டியலில் இருக்கிறது, தொலைநோக்கியில் சில மணி நேரம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கேட்பீர்கள்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கோட்டை மேலும் மேலும் ஆழமாக அளப்பதைவிட, இரண்டு வெவ்வேறு சாட்சிகளை ஓரளவு சுமாராக அளப்பது மேல். காரணம் எளிய கணக்கு. ஒரு கோடு இரைச்சலைப்போல் 5 மடங்கு வலுவாகத் தெரிந்தால் அளவீட்டுப் பிழை 20 சதவீதம். அதை 10 மடங்காக்க நான்கு மடங்கு நேரம் செலவாகும், பிழை 10 சதவீதமாகக் குறையும். ஆனால் கார்பன் மோனாக்சைடின் ஒளிர்விலிருந்து வாயு நிறைக்குப் போகும் காரணி, நம் பால்வெளிக்கு ஏறத்தாழ 4.3 என்றும், அருகிலுள்ள மிகை அகச்சிவப்புக் கேலக்ஸிகளுக்கு 0.8 என்றும் எடுக்கப்படுகிறது. ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். மூன்று மடங்கு கூடுதல் நேரம் கொடுத்து 20 சதவீதத்தைப் பத்தாக்கினாலும், அந்த ஐந்து மடங்குச் சந்தேகம் அப்படியே நிற்கும். அதைக் குறைக்க இன்னொரு சாட்சி தேவை.

கார்பன் மோனாக்சைடு: எந்தப் படி?

பழகிய வழி இதுதான். 1991-ல் ராபர்ட் பிரவுனும் பால் வாண்டன் பௌட்டும் 12 மீட்டர் தொலைநோக்கியால், செம்பெயர்ச்சி 2.29-ல் உள்ள ஐராஸ் எஃப்10214+4724 என்ற பொருளில் கார்பன் மோனாக்சைடின் 3-2 கோட்டை (மூலக்கூறு மூன்றாவது சுழற்சிப் படியிலிருந்து இரண்டாவதற்கு இறங்கும்போது வரும் ஒளி) கண்டதாக அறிவித்தார்கள். அதற்குள் ஒரு குவாசர் தூசில் மறைந்திருக்கிறது. முதலில் கணக்கிட்ட வாயு நிறை நம்பமுடியாத அளவு பெரிதாக இருந்தது. பிறகு இடையில் ஒரு கேலக்ஸி ஈர்ப்பு வில்லையாக நின்று ஒளியைப் பெருக்கிக் காட்டுவது தெரியவந்தது, நிறையும் வெகுவாக இறங்கியது. இந்தத் துறையின் முதல் அளவீடே அளவியைவிட விளக்கத்தில் இடறியது என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன்.

2003-ல் பெரிய தாவல் நிகழ்ந்தது. செம்பெயர்ச்சி 6.42-ல் உள்ள ஜே1148+5251 குவாசரில், நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. ஆன்டெனாக்களைக் கொண்டு ஃபேபியன் வால்டர் குழுவினர் 3-2 கோட்டைப் பிடித்தார்கள். ஃபிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பியூர் பீடபூமியிலிருந்த ஆன்டெனாக்களைக் கொண்டு ஃபிராங்க் பெர்டோல்டி குழுவினர் 6-5, 7-6 கோடுகளைப் பிடித்தார்கள். பிரபஞ்சம் பிறந்து 90 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில், ஒரு கேலக்ஸிக்குள் 2,000 கோடி சூரிய நிறை அளவு மூலக்கூறு வாயு. அதில் கார்பனும் ஆக்சிஜனும் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன. அதற்கு முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து வெடித்து முடிந்திருந்தால்தான் இது நடக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த முடிவின் மேல் உள்ள வியப்பு குறைவதில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். கார்பன் மோனாக்சைடின் சுழற்சிப் படிகள் ஏணிபோல் அமைந்தவை. 1-0 கோடு 115.27 கிகாஹெர்ட்ஸில் வருகிறது, அதைத் தூண்ட 5.5 கெல்வின் போதும். 6-5 கோட்டுக்கு 116 கெல்வின் அளவு ஆற்றலும், 7-6 கோட்டுக்கு 155 கெல்வின் அளவும் வேண்டும், வாயுவும் நன்கு அடர்ந்திருக்க வேண்டும். எனவே தாழ்படி எல்லா மூலக்கூறு வாயுவையும் காட்டும், மேல்படி சூடான அடர்ந்த பகுதியை மட்டும் காட்டும். நிறையைக் கேட்பவர் தாழ்படியைத்தான் கேட்க வேண்டும் என்று பாடநூல் சொல்லும்.

நடைமுறையில் இரண்டு தடைகள் குறுக்கே வருகின்றன. முதலாவது, வெளிச்சம். வாயு நன்கு கிளர்ந்திருந்தால், அதாவது மேல்படிகளிலும் மூலக்கூறுகள் நிறைந்திருந்தால், கோட்டின் பாயம் (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு) படி எண்ணின் இருமடியாகக் கூடும். அப்படிப் பார்த்தால் 6-5 கோடு 1-0 கோட்டைவிட 36 மடங்கு பிரகாசம். கிளர்வு பாதியளவுதான் என்றாலும் 18 மடங்கு. செம்பெயர்ச்சி 6-ல் 1-0 கோடு 16.5 கிகாஹெர்ட்ஸுக்கும் 2-1 கோடு 32.9 கிகாஹெர்ட்ஸுக்கும் இறங்கிவிடுகிறது. இரண்டும் வி.எல்.ஏ.வின் எல்லைக்குள் வந்தாலும், ஒரு குவாசருக்குப் பல பத்து மணி நேரம் ஆகக்கூடும். 6-5 கோடு 98.8 கிகாஹெர்ட்ஸில், வளிமண்டலம் அமைதியாக இருக்கும் 3 மில்லிமீட்டர் சன்னலின் நடுவில் வசதியாக உட்காருகிறது.

இரண்டாவது தடை பலரும் மறந்துவிடுவது. அண்டப் பின்புல நுண்ணலைக் கதிர்வீச்சு இன்று 2.7 கெல்வின். செம்பெயர்ச்சி 6-ல் அது 19 கெல்வின். அந்தப் பின்புலத்துக்கு எதிராக எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறதோ அதைத்தான் நாம் அளக்க முடியும். 40 கெல்வினில் உள்ள வாயுவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2-1 கோட்டில் ஏறத்தாழ 40 சதவீத ஒளி பின்புலத்தில் கரைந்துபோகிறது. வாயு 25 கெல்வினில் இருந்தால் 70 சதவீதம் போய்விடும். 6-5 கோட்டில் 40 கெல்வின் வாயுவுக்கு இழப்பு 28 சதவீதம்தான். தாழ்படிதான் உண்மையான மொத்தத்தைக் காட்டும் என்ற வாதம் அருகிலுள்ள கேலக்ஸிகளில் முழு வலுவோடு நிற்கிறது. பிரபஞ்சத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குப் போகும்போது அதன் வலு பாதியாகிறது. அங்கே மிகக் குளிர்ந்த வாயுவைத் தாழ்படியிலும் பார்க்க முடியாது.

மேல்படியில் அளந்து 1-0 கோட்டுக்கு இறக்கிக் கணக்கிடுவது எவ்வளவு ஆபத்தானது? இதில் குவாசர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. கிறிஸ் கரில்லியும் வால்டரும் 2013-ல் எழுதிய தொகுப்புரையில் கொடுத்த விகிதங்கள் இவை: 1-0 கோட்டின் ஒளிர்வை 1 என்று வைத்தால், குவாசர்களில் 3-2 கோடு 0.97, 4-3 கோடு 0.87, 5-4 கோடு 0.69. பால்வெளியில் இதே 3-2 கோடு 0.27, 5-4 கோடு 0.08 மட்டுமே. அதாவது குவாசர்களின் தாய்க் கேலக்ஸிகளில் வாயு சிறிய இடத்தில் அடர்ந்து சூடாக இருப்பதால், நான்காவது படி வரை எதை அளந்தாலும் கிட்டத்தட்ட அதே நிறைதான் வரும். ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதம். செம்பெயர்ச்சி 3.91-ல் உள்ள ஏபிஎம் 08279+5255 குவாசரில் 11-10 வரை கோடுகள் பிடிபட்டன, அதன் ஏணியின் உச்சி பத்தாவது படியின் பக்கத்தில் இருக்கிறது. கருந்துளையைச் சுற்றிலும் வரும் எக்ஸ் கதிர்கள் வாயுவைச் சூடாக்கினால், நிறை சிறிதாக இருந்தாலும் மேல்படிகள் ஜொலிக்கும். எனவே 6-5, 7-6 கோடுகளை மட்டும் வைத்து நிறை சொல்வது இரண்டு மடங்கு தவறிப்போகக்கூடிய காரியம். ஆனால் முன்னே பார்த்த ஐந்து மடங்குக் காரணியோடு ஒப்பிட்டால் இது சிறிய பிரச்சினைதான். இதற்காக மட்டும் 1-0 கோட்டின் பின்னால் ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

158 மைக்ரான் கோடு: பிரகாசம் மிகுதி, பொருள் குழப்பம்

கார்பன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 11.26 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஹைட்ரஜனுக்கு 13.6 வேண்டும். இந்தச் சிறிய வித்தியாசத்தால் அயனியான கார்பன் எல்லா இடத்திலும் இருக்கிறது: விண்மீன்களைச் சுற்றியுள்ள அயனிப் பகுதியிலும், நடுநிலை அணு வாயுவிலும், மூலக்கூறு மேகங்களின் மேல்தோலிலும். அது 158 மைக்ரானில் விடும் கோடுதான் பல கேலக்ஸிகளில் மிகப் பிரகாசமான கோடு. செம்பெயர்ச்சி 6-ல் அது 271.5 கிகாஹெர்ட்ஸுக்கு வருகிறது. அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஆல்மாவுக்கு இது மிகவும் தோதான இடம்.

2005-ல் ராபர்ட்டோ மயோலினோ குழுவினர் இதே ஜே1148+5251 குவாசரில் இந்தக் கோட்டை 30 மீட்டர் தொலைநோக்கியால் முதன்முதலில் கண்டார்கள். ஆல்மா வந்த பிறகு நிலைமையே மாறிவிட்டது. 2018-ல் ராபர்ட்டோ டெகார்லி குழுவினர் செம்பெயர்ச்சி 5.94-க்கு மேலுள்ள 27 குவாசர்களை, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள் மட்டும் செலவிட்டுப் பார்த்தார்கள். 23 குவாசர்களில் கோடு தெளிவாகத் தெரிந்தது, தூசு 27-லும் தெரிந்தது. சில நிமிடங்களில்! கார்பன் மோனாக்சைடுக்கு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கோடு தரும் இரண்டு பரிசுகளை வேறு எதுவும் இவ்வளவு எளிதாகத் தராது. ஒன்று, துல்லியமான செம்பெயர்ச்சி. குவாசரின் புற ஊதா உமிழ்கோடுகள் கருந்துளைக்குப் பக்கத்தில் பாய்ந்தோடும் வாயுவிலிருந்து வருபவை, கேலக்ஸியின் உண்மையான வேகத்திலிருந்து நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் விலகியிருக்கும். 158 மைக்ரான் கோடு கேலக்ஸியின் வாயுவிலிருந்தே வருவதால் அந்தச் சந்தேகம் இல்லை. இதை முதலில் அளந்துவிட்டால், பிறகு மெல்லிய கோடுகளை எந்த அதிர்வெண்ணில் தேடுவது என்று சரியாகத் தெரியும். மற்றொன்று, வாயு எப்படி நகர்கிறது, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற செய்தி. 2017-ல் இதே குழுவினர் 25 குவாசர்களைப் பார்த்தபோது, நான்கின் அருகில் அதுவரை யாரும் அறியாத, விண்மீன்களை வேகமாக உருவாக்கிக்கொண்டிருந்த துணைக் கேலக்ஸிகள் கிடைத்தன. வாயு நிறையை அளக்கப் போனவர்களுக்கு அண்டை வீடே தெரிந்த கதை இது.

நிறைக்கு வரும்போதுதான் எனக்குத் தயக்கம். இந்தக் கோட்டின் ஒளியில் எவ்வளவு மூலக்கூறு மேகத்திலிருந்து வருகிறது, எவ்வளவு அணு வாயுவிலிருந்து வருகிறது என்று கோட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அனிடா ஸனெல்லா குழுவினர் 2018-ல் ஒரு சூரிய ஒளிர்வுக்கு 30 சூரிய நிறை என்ற காரணியைக் கொடுத்தார்கள். அது இயல்பான வேகத்தில் விண்மீன் உருவாக்கும் கேலக்ஸிகளை ஆதாரமாகக் கொண்டது. குவாசரைச் சுமக்கும், மிகச் சிறிய இடத்தில் மிகுந்த தொலை அகச்சிவப்பு ஒளியைக் கொட்டும் கேலக்ஸிகளில் நிலைமை வேறு. அங்கே கோட்டுக்கும் மொத்த அகச்சிவப்பு ஒளிர்வுக்கும் உள்ள விகிதம், சாதாரணக் கேலக்ஸிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைந்துவிடுகிறது. இந்தக் குறைபாடு நன்கு அறியப்பட்டது. அப்படி அடங்கிப்போன கோட்டை இயல்பான காரணியால் பெருக்கினால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு வலையும் இருக்கிறது. இதே கோட்டிலிருந்து விண்மீன் பிறப்பு வேகத்தையும் கணக்கிடுகிறார்கள். வாயு நிறையும் இதிலிருந்து, பிறப்பு வேகமும் இதிலிருந்து என்று எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து "வாயு இத்தனை கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும்" என்று சொன்னால், கோட்டின் ஒளிர்வு மேலேயும் கீழேயும் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது நாம் முன்கூட்டியே எடுத்துக்கொண்ட இரண்டு காரணிகளின் விகிதம் மட்டும். அதில் அந்தக் குவாசரைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது வாயு தீரும் காலம் என்ற எண்ணைப் பார்த்தால், மேலேயுள்ள எண்ணும் கீழேயுள்ள எண்ணும் எங்கிருந்து வந்தன என்று முதலில் தேடுங்கள்.

தூசு

இதே குறை தூசு வழிக்கும் உண்டு: ஒரே ஒரு அதிர்வெண்ணில் அளந்த தூசு ஒளியிலிருந்து அகச்சிவப்பு ஒளிர்வையும் வாயு நிறையையும் எடுத்தால் அதே வட்டத்துக்குள்தான் சுற்றுவோம். மற்றபடி தூசு மலிவானது. 158 மைக்ரான் கோட்டைக் கேட்டாலே அதன் அடியில் தூசின் தொடர் ஒளி தானாக வந்துவிடும், தனியே நேரம் வேண்டாம். தொலைவு கூடக்கூட நாம் தூசின் நிறமாலை உச்சியை நோக்கி ஏறுவதால், 1 மில்லிமீட்டரில் தெரியும் பிரகாசம் செம்பெயர்ச்சி 1 முதல் 10 வரை பெரிதாகக் குறைவதில்லை என்பது இயற்கை கொடுத்த சலுகை.

ஆனால் அந்த உச்சிக்கு அருகில் போவதே சிக்கலுக்கும் காரணம். செம்பெயர்ச்சி 6-ல் 1 மில்லிமீட்டரில் பார்ப்பது உண்மையில் 158 மைக்ரானை ஒட்டிய ஒளி. அங்கே பிரகாசம் வெப்பநிலையைக் கடுமையாகச் சார்ந்திருக்கிறது. குவாசர்களுக்கு 47 கெல்வின் என்று எடுப்பது வழக்கம். உண்மையில் தூசு 35 கெல்வினிலா 60 கெல்வினிலா என்று தெரியாவிட்டால் நிறை மூன்றரை மடங்கு மாறும். 3 மில்லிமீட்டரில் பார்த்தால் இந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகக் குறைகிறது, ஆனால் ஒளியும் இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. இதற்குமேல் வாயுவுக்கும் தூசுக்கும் உள்ள விகிதத்தை 100 என்று பால்வெளியிலிருந்து கடன் வாங்குகிறோம். இளம் பிரபஞ்சத்தில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைவாக இருந்தால் அந்த விகிதம் கூடும். தூசைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அதையே முதல் சாட்சியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நடுநிலைக் கார்பன்: மெல்லிய, ஆனால் நேர்மையான சாட்சி

நடுநிலைக் கார்பனுக்கு இரண்டு கோடுகள்: 492.16, 809.34 கிகாஹெர்ட்ஸ். தூண்டத் தேவையான ஆற்றல் முறையே 24, 63 கெல்வின். இவை பெரும்பாலும் ஒளி ஊடுருவும் கோடுகள், அதாவது மேகத்தின் உள்ளேயிருந்து வரும் ஒளியும் தடையின்றி வெளியே வருகிறது. எனவே ஒளியை எண்ணினால் அணுக்களையே எண்ணியது போலாகும். கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை, அதன் ஒளி மேகங்களின் மேற்பரப்பிலிருந்து வருவது. அதனால்தான் அதற்கு அந்தச் சர்ச்சைக்குரிய காரணி தேவைப்படுகிறது. நடுநிலைக் கார்பனுக்கும் ஒரு காரணி வேண்டும், ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு எத்தனை கார்பன் அணு என்ற விகிதம். பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஓர் அணுவுக்குச் சற்றுக் குறைவு என்று வழக்கமாக எடுக்கிறார்கள். இதிலும் சந்தேகம் உண்டு, ஆனால் அது மற்றச் சாட்சிகளின் சந்தேகத்திலிருந்து தனியானது. ஒரு சாட்சி எங்கே தவறுகிறதோ அங்கேயே மற்றொன்றும் தவறினால் பயனில்லை, வெவ்வேறு இடத்தில் தவறுபவைதான் ஒன்றையொன்று திருத்தும்.

செம்பெயர்ச்சி 6-ல் 492 கிகாஹெர்ட்ஸ் கோடு 70 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, வி.எல்.ஏ.வுக்கு மேலேயும் ஆல்மாவின் 3 மில்லிமீட்டர் ஏற்பிக்குக் கீழேயும் இருக்கும் இடைவெளியில் விழுந்துவிடுகிறது. ஆனால் 809.34 கோட்டுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடின் 7-6 கோடு 806.65-ல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேகக் கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். குவாசர்களின் தாய்க் கேலக்ஸியில் கோட்டின் அகலம் பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, அதேசமயம் கருவியை ஒரே அலைவரிசை அமைப்பில் வைத்து இரண்டையும் அளந்துவிடலாம். அடியில் 3 மில்லிமீட்டர் தூசு ஒளியும் கிடைக்கும். ஒரே கேள்விக்கு மூன்று சாட்சிகள்! அகன்ற அலைவரிசை உள்ள கருவியானால் 6-5 கோட்டையும் கூடவே பிடிக்க வாய்ப்புண்டு. குறை என்னவென்றால் நடுநிலைக் கார்பன் மெல்லியது, பல பொருள்களில் மேல்வரம்பு மட்டுமே கிடைக்கும். அந்த மேல்வரம்புகூட உதவும்: கார்பன் மோனாக்சைடிலிருந்து 4.3 என்ற காரணியோடு பெரிய நிறை சொல்ல ஆசை வந்தால், அது கையைப் பிடித்து நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. பூமியின் வளிமண்டல ஆக்சிஜன் 118.75 கிகாஹெர்ட்ஸில் ஒளியை விழுங்குகிறது. செம்பெயர்ச்சி சரியாக 6 என்றால் இந்த இணைக்கோடுகள் 115 கிகாஹெர்ட்ஸை ஒட்டி, அந்தச் சுவரின் ஓரத்தில் வருகின்றன, இரைச்சல் கூடும். 6.4 என்றால் 109-க்கு இறங்கி நிம்மதியான இடத்துக்கு வந்துவிடும். இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி வேகம் தரும் வரம்பு

வாயுவைப் பிரித்துப் படமெடுத்து, ஆரமும் வேகமும் தெரிந்தால் உள்ளே மொத்தம் எவ்வளவு நிறை என்று சொல்லலாம். 2004-ல் ஜே1148+5251-க்கு வி.எல்.ஏ. கொண்டு இப்படிச் செய்தபோது, 2.5 கிலோபார்செக் (ஏறத்தாழ 8,000 ஒளியாண்டு) ஆரத்துக்குள் மொத்தம் 5,000 கோடி சூரிய நிறை என்று வந்தது. வாயு 2,000 கோடி, கருந்துளை 300 கோடி அளவு. அப்படியானால் விண்மீன்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான். அருகிலுள்ள கேலக்ஸிகளின் விகிதப்படி இந்தக் கருந்துளைக்கு ஒரு லட்சம் கோடி சூரிய நிறை அளவு விண்மீன்கள் இருந்திருக்க வேண்டும். கருந்துளை முந்திக்கொண்டு வளர்ந்ததா என்ற பெரிய விவாதத்துக்கு இந்த ஒரு அளவீடு எவ்வளவு தீனி போட்டது! வட்டின் சாய்வு தெரியாததால் இதுவும் கறாரான எண் அல்ல. ஆனால் வாயு நிறை இந்த எண்ணை மிஞ்சினால் காரணி தவறு என்று உடனே தெரிந்துவிடும். 4.3 என்ற காரணியைப் போட்டிருந்தால் ஜே1148+5251-ன் வாயு மட்டுமே 10,000 கோடியைத் தாண்டியிருக்கும், மொத்த நிறையைப்போல் இரண்டு மடங்கு. சிறிய காரணியைக் குவாசர்களுக்கு எடுப்பதற்கு இதைவிட நேரடியான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்

2022-ல் டெகார்லி குழுவினர் பியூர் பீடபூமியின் நோயிமா ஆன்டெனாக்களைக் கொண்டு, ஏற்கெனவே 158 மைக்ரான் கோடும் தூசும் அளந்து வைத்திருந்த பத்துக் குவாசர்களை 3 மில்லிமீட்டரில் பார்த்தார்கள். 6-5, 7-6, நடுநிலைக் கார்பன் மூன்றையும் தேடினார்கள். 7-6 கோடு ஏதோ ஒரு வலுவில் பத்திலும் தெரிந்தது. நான்கு வழிகளில் நிறை கணக்கிட்டபோது எல்லாம் 1,000 கோடி முதல் 10,000 கோடி சூரிய நிறை என்ற எல்லைக்குள் வந்தன. மேலும், கோடுகளின் விகிதங்களுக்கு எக்ஸ் கதிரால் சூடான வாயுவைவிட, விண்மீன்களின் புற ஊதா ஒளியால் சூடான அடர்ந்த மேகங்களே நன்றாகப் பொருந்தின. குவாசர் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலான வாயுவை ஆட்டிவைப்பது விண்மீன்கள்தான் என்ற இந்தத் தகவல், எந்த ஒரு கோட்டைத் தனியாக எடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. இரண்டாவது சாட்சிக்கு நேரம் செலவிடுங்கள் என்று நான் வலியுறுத்துவதன் ஆதாரம் இந்த மாதிரி வேலைதான்.

ஆகவே என் தேர்வு இப்படி இருக்கும். செம்பெயர்ச்சி 6-ஐ ஒட்டிய, முன்பு யாரும் மில்லிமீட்டரில் பார்க்காத குவாசர் என்றால், முதலில் 158 மைக்ரான் கோடு. சில நிமிடங்களில் வாயு இருக்கிறதா, செம்பெயர்ச்சி சரியாக என்ன என்று தெரிந்துவிடும். ஆனால் அதோடு நிறையை அறிவிக்காமல், மிச்சமுள்ள மணி நேரம் முழுவதையும் 7-6 கோடும் நடுநிலைக் கார்பனும் சேர்ந்து வரும் 3 மில்லிமீட்டர் அமைப்புக்குக் கொடுப்பேன். ஏற்கெனவே 158 மைக்ரான் கோடு அளந்த குவாசர் என்றால் அதையே இன்னும் ஆழமாகக் கேட்பதில் அர்த்தமில்லை, வாயு வெளியே பாய்வதையோ சுழற்சியையோ ஆராயப் போவதாக இருந்தால் தவிர.

நிறையப் பொருள்களை ஒப்பிடும் தொகுப்பாய்வு என்றால் நிலைமை வேறு. அங்கே எல்லாவற்றையும் ஒரே சாட்சியால் அளப்பது முக்கியம், காரணி தவறினாலும் எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகத் தவறும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். 158 மைக்ரான் கோடும் அடியிலுள்ள தூசும் அதற்குப் போதும். பிறகு அவற்றில் ஐந்தாறு பிரகாசமான பொருள்களை எடுத்துக் கார்பன் மோனாக்சைடால் சரிபார்க்கலாம்.

1-0, 2-1 கோடுகளை எப்போது கேட்பது? ஈர்ப்பு வில்லையால் பெருக்கப்பட்டவை, அல்லது மேல்படிகளிலேயே மிகப் பிரகாசமாக இருப்பவை, இவற்றுக்கு மட்டும். கேலக்ஸியைச் சுற்றி விரிந்து கிடக்கும் தாழ்கிளர்வு வாயு இருக்கிறதா என்பது கேள்வியானால் வேறு வழியில்லை, அதைத்தான் கேட்டாக வேண்டும்.

செம்பெயர்ச்சி 2, 3 அளவிலுள்ள குவாசர்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். அங்கே 158 மைக்ரான் கோடு பூமியின் வளிமண்டலத்தில் நீராவி விழுங்கும் பகுதிகளுக்குள் ஏறிவிடுகிறது. செம்பெயர்ச்சி 2.5-ல் அது 543 கிகாஹெர்ட்ஸ், அங்கே தரையிலிருந்து பார்ப்பது மிகக் கடினம். மாறாக 3-2 கோடு 98.8 கிகாஹெர்ட்ஸில் வருகிறது, நடுநிலைக் கார்பனின் தாழ்கோடு 140.6-ல் வருகிறது. இரண்டும் நல்ல சன்னல்கள். குவாசர்களில் 3-2 கோடு 1-0 கோட்டுக்கு ஏறத்தாழ சமம் என்பதால் படி இறக்கும் கவலையும் இல்லை. பின்புலக் கதிர்வீச்சும் 11 கெல்வினுக்குக் கீழேதான். எனக்கு இந்தக் காலகட்டத்தின் நிறைகள் மேல் அதிக நம்பிக்கை.

இலக்கு வானத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்மா தென் அட்சம் 23 பாகையில் இருக்கிறது. வடக்கே ஏறத்தாழ 53 பாகையிலுள்ள ஜே1148+5251 அங்கிருந்து அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகைதான் எழும்பும். அத்தகைய குவாசர்களுக்கு நோயிமாவும் வி.எல்.ஏ.வும்தான். நோயிமாவின் அலைவரிசை அகலம் பெரிது என்பதால் மேலே சொன்ன 3 மில்லிமீட்டர் அமைப்புக்கு அது குறைவான தேர்வும் அல்ல.

அப்புறம், எந்த வழியில் அளந்தாலும் முடிவை எழுதும்போது சூரிய நிறையோடு நிறுத்திவிடாதீர்கள். கோட்டின் பாயம், ஒளிர்வு, எடுத்துக்கொண்ட காரணி, தூசின் வெப்பநிலை, வில்லையின் பெருக்கம் எல்லாவற்றையும் பக்கத்திலேயே கொடுங்கள். காரணி நாளை மாறும்போது உங்கள் அளவீட்டை எடுத்துப் புதிய எண்ணால் பெருக்கிக்கொள்ள அடுத்தவருக்கு அவை வேண்டும்.